இணையம் வரவில்லையா? டெக்னீஷியனை அழைக்கும் முன் இவற்றைப் பாருங்கள்

எஸ்பிஎம் முடித்த பிள்ளை யுபியு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. நாளை கடைசி நாள். திடீரென இணையம் நின்றுவிடுகிறது. பதறிப்போய் கண்ட ஒயரைப் பிடுங்க வேண்டாம். கோளாறு எங்கே என்று வரிசையாகத் தேடினால், பல சிக்கல்களை வீட்டிலேயே தீர்த்துவிடலாம்.

அவசர வேலை இருந்தால் முதலில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, கணினியை அதில் இணைத்து விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பழுது பார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கோளாறு கணினியிலா, லைனிலா?

கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அடைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் கோளாறு கணினியில். திறக்காவிட்டால் மோடம், ரூட்டர் அல்லது வெளியே உள்ள லைனில்.

மோடமும் ரூட்டரும்

ஃபைபர் மோடத்தில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால், கம்பி வழியாக ஒளி வரவில்லை என்று பொருள். கம்பி மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், வெளியே அறுந்திருக்கலாம். அதை நாம் சரிசெய்ய முடியாது. சேவை நிறுவனத்தை அழைத்து, ‘எல்ஓஎஸ் சிவப்பு’ என்று சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

சிவப்பு இல்லையென்றால் மோடம், ரூட்டர் இரண்டையும் அடைத்து அரை நிமிடம் காத்திருங்கள். முதலில் மோடத்தைத் திறந்து, விளக்குகள் நிலையாக எரிந்த பின் ரூட்டரைத் திறங்கள்.

ஊசி நுழையும் அளவு துளையில் இருக்கும் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்தவே வேண்டாம். நிறுவனம் போட்டுத் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, இருந்த இணைப்பும் போய்விடும்.

தோட்டப்புறங்களில் சிம் கார்டு போட்ட ரூட்டர் வைத்திருப்பவர்கள், டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ரூட்டரை ஜன்னலோரம் உயரமாக வைத்தால் சிக்னல் கூடலாம்.

கணினியில் பார்க்க வேண்டியவை

‘ஏரோபிளேன் மோட்’ தெரியாமல் திறந்திருக்கிறதா? கணினி உங்கள் வீட்டு வைஃபையில்தான் இணைந்திருக்கிறதா? ஒயர் என்றால், ‘டிக்’ என்ற சத்தம் வரும்வரை செருகுங்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் கணினிக்கு முகவரி தரவில்லை. வைஃபையை மறக்கச் செய்து, கடவுச்சொல்லை மீண்டும் கொடுங்கள். தீராவிட்டால் கணினியையும் ரூட்டரையும் ஒருமுறை அடைத்துத் திறங்கள்.

முகவரி சரியாக இருந்தால், கமாண்ட் பிராம்ப்டில் ‘பிங்’ கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு 8.8.8.8 கொடுங்கள். பதில் வந்தும் பக்கங்கள் திறக்கவில்லையா? இணையத்தளப் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்-இல் கோளாறு இருக்கலாம். கணினியின் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 போட்டுப் பாருங்கள். கணினியில் தேதி, நேரம் தவறாக இருந்தாலும் பல பக்கங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்

இடி மின்னல் நேரத்தில் மோடம், ரூட்டர், கணினியின் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். மின்னலுக்குப் பலியான ரூட்டரை எந்த வழிமுறையும் மீட்காது. ‘உங்கள் இணையத்தில் கோளாறு’ என்று யாரோ அழைத்து டேக் எண்ணையோ வங்கிக் கடவுச்சொல்லையோ கேட்டால், உடனே அழைப்பைத் துண்டியுங்கள். இணையத்தைச் சரிசெய்ய வங்கி விவரம் எதற்கு?