மோதிரத்தை மாற்றலாமா?

"இருபத்தைந்து வருஷமாச்சு. இன்னும் இந்தக் கம்பி மாதிரி மோதிரந்தானா? கல்லு வச்சதா ஒண்ணு மாத்தித் தர்றேன்" என்றார் கணவர். "நீங்க கோயில்ல வச்சுப் போட்டது இதுதாங்க. எனக்கு இதே போதும்" என்றார் மனைவி. ஹட்டன் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் நாம் கேட்ட பேச்சு இது.

கலியாண மோதிரத்தை மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். கலியாண வீட்டில் நாலு பேர் கையைப் பார்ப்பார்களே என்று கூசுவோரும் உண்டு. இரண்டும் தேவையற்றவை. மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்பது திருச்சபைச் சட்டம். மோதிரம் அதன் அடையாளம். புது மோதிரத்தையும் குருவானவரிடம் கொடுத்து ஆசீர்வதித்துக்கொள்ளலாம். இந்துக் குடும்பங்களில் நைந்துபோன தாலிக் கயிற்றை நல்ல நாள் பார்த்து மாற்றுகிறார்கள். அதனால் எந்த உறவும் அறுந்துவிடுவதில்லை.

ஆகவே மாற்றுவது பாவமல்ல. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரு பவுன் என்பது 8 கிராம். 2025இல் இலங்கையில் 22 கரட் பவுன் 3 இலட்சம் ரூபாயைத் தாண்டியது. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால், அப்போது ஒரு கிராமுக்கே ஏறக்குறைய 28 நாள் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. பழைய மோதிரத்தைக் கொடுக்கும்போது கடைக்காரர் கழிவு பிடிப்பார். புதியதற்குச் செய்கூலியும் சேதாரமும் கேட்பார். அவை திரும்பி வராத பணம். கல்லின் நிறைக்கு அடகில் மதிப்பில்லை; பொன்னின் நிறைக்கு மட்டுமே காசு.

இடம்பெயர்ந்த நமக்கு இது நன்றாகத் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண் சரிந்தபோது நுவரெலியா மாவட்டத்தில் பல குடும்பங்கள் உடுத்திய உடையோடு வெளியேறின. அவ்வேளையில் வீடும் தோட்டமும் கூட வரா. விரலில் கிடந்தது வரும். அது கௌரவத்துக்கான நகை மட்டுமல்ல, விதைக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் கைகொடுக்கும் முதல்.

வாங்குவதானால் கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுங்கள். கடனுக்கு வாங்காதீர்கள். நிறையும் கரட்டும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த லயத்து அம்மா கடைசியாகச் சொன்னது நம் மனதில் நிற்கிறது: "கையில காசு இருந்தா, அடகுல கெடக்குற என் தோட்டை மொதல்ல மீட்டுத் தாங்க. மோதிரம் எங்கயும் போயிறாது."