பூ மார்க்கெட்டில் தொடங்க வேண்டிய பாடம்

மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று பூவை நம்பியே பிழைக்கிற ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டக் கீரமங்கலத்தைச் சுற்றி நிறைய. முகூர்த்த நாளில் கமிஷன் கடைக்கு வந்த வேகத்தில் விற்றுத் தீரும் பூ, முகூர்த்தமில்லாத நாட்களில் வரத்து கூடினால் பறிகூலிக்கும் கட்டாது. விலை கிடைக்காமல் பூவைக் கொட்டிவிட்டுப் போன செய்தி பலமுறை பத்திரிகைகளில் வந்தாயிற்று. சென்ட் தொழிற்சாலை வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுவதும் இதனால்தான். கோரிக்கை நியாயமானது. ஆனால் அதற்குக் கணக்குப் பார்த்தவர்கள் யார்?

மணப்பொருள் ஆலைகளில் பூவை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, ‘காங்கிரீட்’ என்ற மெழுகு போன்ற பொருளைப் பிரிக்கிறார்கள். ஆயிரம் கிலோ குண்டுமல்லியில் தேறுவது ஒன்றரை முதல் இரண்டு கிலோதான். பிச்சியில் மூன்று கிலோ வரை கிடைக்கலாம். மாலை கட்டுபவர் மொட்டாகக் கேட்கிறார், ஆலைக்கோ விரிந்த பூ வேண்டும். கனகாம்பரத்துக்கு மணமே கிடையாது. சென்ட் ஆலை நாளையே வந்தாலும் கனகாம்பரம் பயிரிட்டவருக்குப் பயனில்லை. எந்த மாதம் எந்தப் பூ எவ்வளவு மிஞ்சுகிறது, ஆலை நஷ்டமில்லாமல் ஓட அது போதுமா, அதைவிடக் குளிர்பதன அறை மலிவான வழியா என்பதை ஓராண்டாவது தினமும் குறித்து வைத்தால்தான் சொல்ல முடியும். மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. கல்லூரிகளின் திட்டத்தில் இதற்கு இடம் வேண்டும்.

ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் வளர்ச்சித் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. இத்தகைய திட்டங்களில் கற்பித்தல், சமூக சேவை, தொழில் கூட்டு ஆகியவை தனித்தனித் தலைப்புகளாகிவிடுகின்றன. பாடம் வகுப்பறையில் முடிகிறது, சேவை ஒரு முகாமில் முடிகிறது, தொழில் கூட்டு ஒப்பந்தம் கைமாறும் புகைப்படத்தோடு சரி. மூன்றும் ஒரே வேலையாக வேண்டும் என்பதே என் வாதம். கீரமங்கலத்துக்கு இதற்கான வசதி பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உண்டு. குடுமியான்மலையில் கல்லூரி உண்டு. வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கிப் பயில்கிறார்கள். பூச்சிகளைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை விவசாயிக்குச் செய்து காட்டிவிட்டுப் போவதோடு நிற்காமல், ஒரு குழு விட்ட இடத்தில் அடுத்த குழு தொடரும்படி மார்க்கெட் வரத்தையும் விலையையும் பதிவு செய்தால் அதுவே பாடம், அதுவே சேவை. விலைக் கணக்கைப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் வணிகவியல், பொருளியல் மாணவர்களும் பார்க்கலாம்.

பல்கலைக்கழகத்தின் வேலை அறிவைத் தேடுவது, ஊர்க்கணக்கு எழுதுவதல்ல என்று ஆட்சேபிப்பார்கள். அடிப்படை ஆராய்ச்சிக்கு அவகாசம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வம்பன் உளுந்து ரகங்கள் பேர் பெற்றதே, வயலை மஞ்சளாக்கிய தேமல் நோயை ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொண்டதால்தான். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியதும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான். வயலுக்குப் போனதால் அறிவு குறைந்ததாகத் தெரியவில்லை. அங்கே எழும் கேள்விகள் பாடப்புத்தகக் கேள்விகளைவிடக் கடினமானவை.

தொழில் கூட்டு பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராடிய நெடுவாசல் அருகில்தான் இருக்கிறது. தங்களைக் கேட்காமல் ஒரு நிறுவனம் நிலத்துக்குள் வந்தால் என்னவாகும் என்று இந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனி பணம் கொடுத்தால் ஆராய்ச்சியின் முடிவு அதன் பக்கம் சாயுமோ என்ற சந்தேகத்தையும் தள்ளிவிட முடியாது. அதற்காகக் கூட்டே வேண்டாம் என்றால், விலையைத் தீர்மானிக்கும் வலு இப்போது இருப்பவர்களிடமே தங்கிவிடும். கூட்டாளி யார் என்பதுதான் கேள்வி. விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் முதல் கூட்டாளியாக இருக்கட்டும். ஆலை முதலாளி பிறகு வரட்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும், பேரூராட்சி அலுவலகத்தில் யாரும் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும், ஆய்வின் முடிவு பாதகமாக வந்தாலும் வெளியிட வேண்டும். இந்த மூன்றுக்கும் சம்மதிக்காத நிறுவனத்தைப் பல்கலைக்கழகம் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். சென்ட் தொழிற்சாலை கேட்கும் கீரமங்கலத்துக்காரர்களும் அடுத்த மனுவில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: ஆலைக்கு முன்னால், ஓராண்டு வரத்து, விலைக் கணக்கை எடுத்துத் தாருங்கள்.