தூண்டிற் கதைகளின் இன்பம்

பனமலை ஏரிக்கரையில் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடும் சிறுவர்க்கு இது விந்தையாகத் தோன்றும். புழுவே இல்லாமல், இறகையும் நூலையும் முள்ளிலே கட்டி ஈயின் உருவாக்கி, ஓடும் நீரின்மேல் மெல்ல வீழ்த்தி மீன் பிடிப்போர் உண்டு. நீலகிரியின் குளிரோடைகளில் டிரவுட் மீனைக் கொணர்ந்துவிட்ட ஆங்கிலேயர் இவ்வாறே பிடித்தனர். இக்கலையைப் பற்றி எழுந்த கதைகள் ஏராளம்.

அத்தூண்டிலைத் தொட்டறியாத நாம் அவற்றை விரும்பி வாசிப்பது மீனுக்காக அன்று. காத்திருப்பவனின் உள்ளம் அங்கே திறந்து கிடக்கிறது. (தப்பிய மீன் சொல்லச் சொல்லப் பெரிதாவதும் ஓர் இன்பமே!)

நார்மன் மக்ளீன் எழுபது வயதைக் கடந்தபின், 1976-இல் வெளியிட்ட 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' என்னும் குறுநாவலைக் காண்போம். அமெரிக்காவின் மாண்டானா மலைநாட்டில் ஒரு சபைப் போதகர், புதல்வர் இருவர். வேதபாடத்தோடு தூண்டில் வீச்சையும் நான்கு எண்ணும் தாளத்தில் கற்பிக்கிறார் தந்தை. இளையவன் ஆற்றில் இறங்கினால் நிகரற்றவன். கரையேறினால் குடியும் சூதும் கடனும். நீட்டிய கையைப் பற்றவும் மாட்டான். அத்தகைய பிள்ளை நம் குடும்பங்களிலும் இல்லையா?

மூவரும் சேர்ந்து மீன்பிடிக்கும் இறுதி நாளில் அவன் பெரிய மீன் ஒன்றை வெல்கிறான். தந்தை கண்டு பூரிக்கிறார். சில பக்கங்களுக்குள் அவன் அடித்துக் கொல்லப்பட்ட செய்தி வருகிறது. வலக்கை எலும்புகள் நொறுங்கியிருந்தன.

மகனைப் பற்றி வேறேதும் தெரியுமா என்று தந்தை பின்னரும் கேட்கிறார். அண்ணனுக்கு உறுதியாய்த் தெரிந்ததோ, தம்பி தூண்டிலில் வல்லவன் என்பது ஒன்றே.