மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

இரவுச் சந்தைக்குப் போன பையன், அப்பாவிடம் அடம்பிடித்து இரண்டு மீன்களை வாங்கி வருகிறான். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிப் போத்தலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அவற்றை விடுகிறான். மறுநாள் விடியற்காலை, பெற்றோர் பிரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அவன் அழுகைச் சத்தம் கேட்கிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன. கண் பட்டுவிட்டது என்கிறார் பாட்டி. கடைக்காரன் நோய் மீனைக் கொடுத்துவிட்டான் என்கிறார் அப்பா. ஆனால் இப்படிப்பட்ட சாவுகளில் பெரும்பாலும் குற்றம் தண்ணீரிடம்தான் இருக்கிறது. ஆகவே, நம் வீட்டுப் பக்கம் கிடைக்கும் தண்ணீரில் எது மீனுக்கு ஏற்றது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் குழாய்த் தண்ணீர். கிருமிகளைக் கொல்வதற்காக அதில் குளோரின் சேர்க்கிறார்கள். நமக்கு அது நன்மை. மீனோ செவுளால் மூச்சு விடுகிறது. மெல்லிய அந்தச் செவுளைக் குளோரின் புண்ணாக்கிவிடுகிறது. இதற்கு வழி எளிது. அகன்ற வாய் உள்ள வாளியிலோ பேசினிலோ தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தால் குளோரின் காற்றில் கலந்து போய்விடும். ஏடிஸ் கொசு முட்டையிடாதபடி மெல்லிய துணியால் மூடி வைப்பது அவசியம்.

ஆனால் சில இடங்களில் குளோரினோடு அம்மோனியாவையும் சேர்த்துக் குளோரமின் என்னும் பொருளாக்கி விடுகிறார்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் அப்படிப்பட்டது. குளோரமின் ஒரு நாள் வைத்தாலும் போகாது. அதற்கு மீன் கடையில் விற்கும் சொட்டு மருந்து வேண்டும். வாங்கும்போது, குளோரமினையும் அதிலிருந்து பிரியும் அம்மோனியாவையும் சேர்த்துப் போக்குமா என்று கேட்டு வாங்குவோம். குளோரினை மட்டும் போக்கும் மருந்து அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும்.

அடுத்தது மழைத் தண்ணீர். வானத்திலிருந்து வருவது சுத்தமானதுதானே என்று நினைக்கிறோம். ஆனால் அது நம் கூரை வழியாக அல்லவா இறங்குகிறது! பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை, கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். துத்தநாகத் தகரக் கூரையிலிருந்து துத்தநாகமும் கரைந்து வரலாம். அது மீனுக்கு நஞ்சு. மேலும் மழைத் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. ஆகவே வெட்டவெளியில் சுத்தமான பாத்திரம் வைத்துப் பிடித்து, குளோரின் போன குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்வது நல்லது.

கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் ஆக்சிஜனும் குறைவு. சில கிணறுகளில் இரும்பு கலந்திருக்கும். வைத்திருந்தால் செந்நிறமாகப் படியும். இரண்டு வாளிகளை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உயரத்திலிருந்து பல தடவை ஊற்றி, ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுப்போம். கொதிக்க வைத்த தண்ணீரிலும் ஆக்சிஜன் வெளியேறிவிடுகிறது. ஆறியவுடன் அதில் மீனை விட்டால் மூச்சுத் திணறும்.

இனி, நாம் மிகவும் கவனிக்க வேண்டிய தண்ணீருக்கு வருவோம். அதுதான் தோட்டத்து அலூர்த் தண்ணீர். அதில் லோங்காங் மீன் துள்ளி விளையாடுகிறதே, அந்தத் தண்ணீர் நல்லதுதான் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த மீன் அழுக்கைத் தாங்கிப் பழகியது. அது உயிரோடு இருப்பது தண்ணீருக்கு நற்சான்று ஆகாது. செம்பனைக்கும் பால்மரத்துக்கும் போடும் உரமும், புல்லுக்கு அடிக்கும் மருந்தும் மழையில் கழுவப்பட்டு அங்கேதான் வந்து சேர்கின்றன. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி மலேசியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. ஆயினும் மற்ற களைக்கொல்லிகள் உண்டு. இலையில் ஒட்டிப் பரவுவதற்காக அவற்றோடு சேர்க்கும் சோப்புப் போன்ற பொருள்களில் சில, மருந்தைவிட அதிகமாக மீனைத் தாக்குகின்றன.

அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. மருந்து வந்த காலி டின்னையோ தோம்பையோ கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பது. எத்தனை தடவை கழுவினாலும் சுவரில் ஊறிய மருந்து முழுவதும் போகாது. அந்தத் தண்ணீரில் மீன் செத்தால், போனது மீன் மட்டும். ஆனால் தாகத்தோடு ஓடிவரும் குழந்தை அதில் ஒரு குவளை மொண்டு குடித்தால்? மீனுக்காகவும் வேண்டாம், மாட்டுக்காகவும் வேண்டாம். அந்த டின் நம் வீட்டு வாசலுக்கே வர வேண்டாம்.

நல்ல தண்ணீரும் தொட்டியில் கெட்டுப் போகும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை மாற்றிக் கேட்டைக் குறைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். ஆகவே தொடக்கத்தில் ஓரிரு மீன்கள் போதும். தீனியும் கொஞ்சமாகப் போடுவோம். பிறகு வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுவோம். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினால் நமக்கு உதவும் நுண்ணுயிர்களையும் கொட்டிவிடுகிறோம்.

சில வீடுகளில் நீராமை வளர்க்கிறார்கள். அதற்குச் செவுள் இல்லை. நுரையீரலால் மூச்சு விடுகிறது. ஆகவே குழாய்க் குளோரின் மீனைக் கொல்வதுபோல அதைக் கொல்லாது. ஆனால் அது தின்பதும் கழிப்பதும் அதிகம். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஆமையின் உடலிலும் தண்ணீரிலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கலாம். அது குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். இதனாலேயே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள குட்டி ஆமைகளை விற்பதற்கு 1975இல் தடை விதித்தார்கள். ஆமைத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல், வெளியே தூரமாகக் கொட்டுவோம். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவப் பிள்ளைகளைப் பழக்குவோம்.

அடுத்த முறை பையன் மீன் கேட்டால், இன்று வாளியில் தண்ணீர் பிடித்து வை, நாளைக்கு மீன் வாங்கலாம் என்று சொல்வோம். அந்த ஒரு நாள் காத்திருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, எந்தத் தண்ணீரைக் கண்டாலும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கற்றுக்கொள்வான். அந்தக் கேள்வி மீனை மட்டும் அல்ல, நம் குடும்பத்தையும் காக்கும்.