அப்பாவுக்கு ‘ஃபிக்ஸட்’ பல்: அக்ரிலிக்கா, ஜிர்கோனியாவா?

பல் முழுக்க விழுந்துவிட்ட அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, கழற்றி மாட்டத் தேவையில்லாத பல் வைக்கணும். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கிளினிக் ஏறி இறங்கினால் காதில் விழும் இரண்டு பெயர்கள்: அக்ரிலிக், ஜிர்கோனியா. விலையில் பெரிய வித்தியாசம். அந்தக் கூடுதல் காசு எதுக்கு?

முதலில் ஒரு தெளிவு. தாடை எலும்புக்குள் போகும் இம்பிளான்ட் திருகு பெரும்பாலும் டைட்டானியம்தான். 1965-ல் ஸ்வீடனில் பிரோனெமார்க் தன் முதல் நோயாளிக்குப் பொருத்தியதும் அதுவே. நாம் தேர்வு செய்வது, அந்தத் திருகுகளின் மேல் உட்காரும் பல்வரிசைக்கான பொருளை.

அக்ரிலிக்: உள்ளே உலோகச் சட்டம், மேலே பிளாஸ்டிக் வகைப் பல். எடையும் விலையும் குறைவு. ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் தேயும், டீ, வெற்றிலைக் கறை பிடிக்கும்.

ஜிர்கோனியா: ஒரே கட்டியில் கம்ப்யூட்டர் மூலம் கடைந்தெடுப்பது. சுலபத்தில் தேயாது, கறையும் குறைவு. ஆனால் கனம் அதிகம். நடுவில் விரிசல் விட்டால், பெரும்பாலும் மொத்த வரிசையையும் புதிதாகச் செய்யணும்.

உலோகம்-பீங்கான்: பழகிய முறை. மேல் பீங்கான் சில்லு சில்லாகப் பெயர்வதுதான் இதன் பிரச்சினை.

‘ஒரே நாளில் பல்’ உண்மையா?

பாதி உண்மை. அன்றைக்கு மாட்டுவது பொதுவாகத் தற்காலிக அக்ரிலிக் வரிசை. திருகோடு எலும்பு ஒட்டி வளரச் சில மாதங்கள் ஆகும். நிரந்தர வரிசை அதுக்கப்புறம்தான். சொன்ன தொகையில் இரண்டும் அடக்கமா என்று கேளுங்க.

பட்ஜெட் இடிக்குதா?

கீழ்த்தாடைக்கு இரண்டே திருகு, அதில் கிளிப் போல மாட்டிக் கழற்றும் பல்செட் என்ற வழியும் இருக்கு. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். பணம் கட்டும் முன் இன்னொரு டாக்டரின் கருத்து வேணும்னா, கோட்டை ரயில் நிலையம் எதிரே 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

எந்தப் பொருளானாலும், புகைப்பழக்கமும் கட்டுக்குள் வராத சுகரும் இருந்தால் திருகே தோற்கும் ஆபத்து கூடும். ஆகவே விலைக்கு முன்னாடி மூணு கேள்வி: உடைந்தால் யார் செலவு? ரிப்பேர் இங்கேயே நடக்குமா? சுத்தம் செய்ய எத்தனை மாசத்துக்கு ஒருமுறை வரணும்?