எஞ்சின் நின்றால் விமானம் விழுமா?

1983 ஜூலை 23. கனடாவில் மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் போய்க்கொண்டிருந்த ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்தில், 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்துபோனது. கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டதால், தேவையானதில் பாதிகூட டாங்கியில் இல்லை. எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. உள்ளே 69 பேர்.

விமானம் கல்லாக விழவில்லை. அதைத் தாங்குவது எஞ்சின் அல்ல, இறக்கை.

வீட்டு மின்விசிறியின் இறக்கைகள் சற்றே சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை காற்றைக் கீழே தள்ளுகின்றன. காற்று அவற்றை மேலே தள்ளுகிறது. விமான இறக்கையும் முன்னேறும்போது இப்படித்தான் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு, பதிலுக்குத் தூக்குவிசையைப் பெறுகிறது. இறக்கைக்கு மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு மறுமுனையில் சேர்ந்துகொள்ளவே அது விரைகிறது என்று பலர் பள்ளியில் படித்திருப்போம். காற்றுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. மேல்காற்று வேகமாகப் போவது உண்மைதான். ஆனால் அது கீழ்க்காற்றுக்குக் காத்திராமல் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

தூக்குவிசை எடையைச் சுமக்கிறது. எஞ்சின் தரும் உந்துவிசைக்கு வேலை, காற்று பின்னிழுக்கும் இழுவையைச் சமாளிப்பதுதான். உந்துவிசை போனால்? மிதிக்காமல் சரிவில் இறங்கும் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் விமானத்தின் எடையே அதை முன்னே இழுக்கும். உயரத்தைச் செலவழித்து வேகத்தை வாங்கலாம். அன்று அந்த 767, ஒரு கிலோமீட்டர் இறங்குவதற்குள் சுமார் 12 கிலோமீட்டர் முன்னேறியது.

தரையிறங்குவதற்காகப் பழைய விமானப்படைத் தளமான கிம்லியை நெருங்கியபோது வேறு தொல்லை. விமானம் அளவுக்கு மேல் உயரத்தில் இருந்தது. மூக்கைக் குத்தினால் வேகம் கூடும், ஓடுபாதை போதாது. இப்போது வேண்டியது இழுவை! கேப்டன் ராபர்ட் பியர்சன், எஞ்சினில்லாத கிளைடர்களை ஓட்டிப் பழகியவர். வால்சுக்கானை ஒரு பக்கம் திருப்பி, இறக்கைகளை எதிர்ப்பக்கம் சாய்த்து, விமானத்தின் விலாவைக் காற்றுக்குக் காட்டினார். வேகம் கூடாமல் உயரம் மட்டும் மளமளவென்று குறைந்தது.

தரைதொட்டதும், சரியாகப் பூட்டிக்கொள்ளாத முன்சக்கரம் மடங்கிப்போய், மூக்கு ஓடுபாதையில் தேய்ந்தது. அந்த உராய்வும் ஒரு பிரேக்காகவே உதவியது. அன்று அந்த ஓடுபாதையின் ஒரு பகுதி கார் பந்தயத் திடலாகியிருந்தது. கூடியிருந்தவர்களுக்குச் சற்று முன்னால் விமானம் நின்றது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. பழுது நீக்கப்பட்ட அதே விமானம் 2008 வரை சேவையில் இருந்தது.