பொத்தானுக்குள் இருக்கும் வில்

காஞ்சிபுரத்துத் தறிவீடுகளில் ஜக்கார்டு பெட்டி இயங்குவதை அருகில் நின்று கண்டவர்கள், அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழைந்துகொள்ள அதன் கொக்கி மேலே எழுவதையும், துளையில்லாத இடத்தில் ஊசி பின்னே தள்ளப்பட்டுக் கொக்கி கீழேயே தங்கிவிடுவதையும் கவனித்திருப்பார்கள். பாதி எழுந்த கொக்கி என்று ஒன்று அங்கே இருத்தலாகாது; இருந்தால் புட்டாவில் பிழை விழுந்துவிடும். பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய இந்த யந்திரத்தின் உயிர், 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டு நிலைகளுக்கு நடுவே மூன்றாவதொன்றுக்கு இடங்கொடாமையே ஆகும். தென்னேரியிலும் வாலாஜாபாத்திலும் உள்ள இளைஞர்கள், வீடியோ கேம் ஆடுவதற்குரிய பொத்தான் பலகையைக் கடையில் வாங்காமல் தம் கையாலேயே செய்துகொள்ள முற்படுவார்களானால், அவர்கள் பொத்தானிடம் எதிர்பார்க்க வேண்டிய முதற்குணமும் இதுவே.

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் நிஷிகாடோ டொமோஹிரோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' யந்திரத்தில் சுடுவதற்கு ஒரு பொத்தானே போதுமானதாயிருந்தது. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்திலோ குத்துக்கு மூன்றும் உதைக்கு மூன்றுமாக ஆறு பொத்தான்கள். இன்று ஜப்பானிய ரகப் பொத்தான்களுக்கு 30 மில்லிமீட்டர் துளையும், அமெரிக்க ரகத்துக்கு ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் துளையும் வழக்கமாயிருக்கின்றன. வாங்குகிறவர் மனம் வண்ணத்திலும் உள்ளே எரியும் விளக்கிலும் சென்று படிவது இயல்புதான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் மூடி விரலின் அழுத்தத்தை உள்ளே கொண்டுசெல்லும் வாகனம் மாத்திரமே. வேலையைச் செய்வது அதன் அடியில் மறைந்திருக்கும் மைக்ரோ சுவிட்சு.

அமெரிக்காவில் ஃபிரீபோர்ட் என்ற ஊரில், பர்கெஸ் பாட்டரி நிறுவனத்தில் பணியாற்றிய பீட்டர் மக்கால் 1932-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த இச்சிறு பெட்டியின் நுட்பத்தைச் சற்றே நின்று பார்ப்பது தகும். இதனுள் இழுத்துக் கட்டப்பட்ட மெல்லிய வில்தகடு ஒன்று உண்டு. நாம் பொத்தானை எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும், ஒரு குறிப்பிட்ட எல்லை வரையில் அது தன் நிலையிலேயே நின்று, எல்லையைக் கடந்த அந்தக் கணத்தில், சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் ஒருங்கே விடுத்து, மறுபுறம் 'டிக்' என்று புரண்டுவிடுகிறது. விரலின் வேகம் எதுவாயினும் தகட்டின் வேகம் பெரும்பாலும் மாறுவதில்லை. அன்றியும், அழுத்தும்போது தகடு புரளும் இடமும், விடும்போது அது திரும்பும் இடமும் ஒன்றல்ல. திரும்பும் இடம் சற்று மேலே அமைந்திருப்பதால், எல்லையில் நிற்கும் விரல் சிறிது நடுங்கினாலும் ஓர் அழுத்தம் இரண்டாகி விடுவதில்லை. இத்தனை சிந்தனையைச் சில ரூபாய் பெறுமான பொருளுக்குள் அடக்கிவைத்த அறிவை நான் மனமார வியக்கிறேன்.

ஆயினும், உலோகம் உலோகத்தின்மேல் மோதும்போது விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் வரை துள்ளித்தான் அடங்கும். நம் கண்ணுக்குப் படாத இத்துள்ளல்கள் நுண்செயலிக்குத் தனித்தனி அழுத்தங்களாகத் தோன்றுமாதலால், ஏறக்குறைய 5 மில்லி விநாடி அவற்றைப் பொருட்படுத்தாதிருக்குமாறு மென்பொருளில் விதித்துவிடுகிறார்கள். திரையின் ஒரு சித்திரம் நிற்பது 16 மில்லி விநாடிக்குச் சற்று மேலாகையால், இந்தத் தாமதத்தை ஆடுகிறவர் உணர்வதில்லை.

வாங்கும்போது பலரும் நோக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. சுவிட்சின் முதுகில் '5 ஆம்பியர், 250 வோல்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்கிறோம்; ஆனால் 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ போன்ற சிறு நுண்செயலிப் பலகையில், 3.3 வோல்ட்டில், பொத்தான் வழியே ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. பெருமின்னோட்டத்துக்கென்று செய்த சுவிட்சுகளின் தொடுமுனைகள் வெள்ளியால் ஆனவை. காற்றிலுள்ள கந்தகம் படிந்து வெள்ளி கறுப்பதும், தங்கம் கறுக்காதிருப்பதும் சரிகையோடு பழகிய கைகளுக்குத் தெரியாததன்று; அதே ரசாயனம்தான் இங்கும். மிகுந்த மின்னோட்டம் தன் பொறியால் அக்கறுப்பை எரித்துவிடும். சொற்ப மின்னோட்டத்துக்கு அந்தச் சக்தி இல்லை. வெள்ளி முனைகளும் பெரும்பாலும் நன்றாகவே உழைக்குமாயினும், சிறிது கூடுதலாகக் கொடுத்துத் தங்கமுலாம் பூசியதை வாங்குகிறவர் நெடுநாள் நிம்மதியை வாங்குகிறார். அழுத்தும் விசையைப் பொறுத்தவரை, விரல்களைப் பொத்தான்மீது வைத்துக்கொண்டே ஆடுகிறவருக்குச் சற்றுக் கடினமானதும், அடுக்கடுக்காகத் தட்டுகிறவருக்கு மெல்லியதும் உகந்தவை.

உபகரணங்களில் சிக்கனத்துக்குத் தாராளமாக இடமுண்டு. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னும், தொடர்பு கண்டால் ஒலிக்கும் எளிய மல்டிமீட்டரும் இவ்வேலைக்குப் போதும். துளையிடும் பிளேடில் மட்டும் சிக்கனம் கூடாது. மழுங்கிய ஹோல் சா பிளைவுட்டின் மேற்பட்டையைப் பிய்த்துவிடும். ஊரிலுள்ள தச்சரிடம் அளவைக் குறித்துக் கொடுத்துவிடுவது இன்னும் உத்தமம். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு மரை போட்டு இறுக்கும் பொத்தானே பொருந்தும். பக்கவாட்டுக் கொக்கிகளால் கவ்விக்கொள்ளும் ரகம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள தகரத்திலோ அக்ரிலிக்கிலோதான் நிற்கும்.

சுவிட்சின் கால்களில் நேரே பற்றவைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, உள்ளேயுள்ள தகடு இடம் பெயரக்கூடும். செருகும் லக்குகளே நலம். ஜப்பானிய ரகத்துக்கு 2.8 மில்லிமீட்டர், மற்றதற்குப் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர் என்று அளந்து வாங்கவேண்டும். எல்லாப் பொத்தான்களின் பொதுமுனையையும் ஒரே கம்பியால் கோத்து, பிக்கோவின் தரைமுனையில் சேர்த்து, 'என்.ஓ.' என்று குறித்த முனையிலிருந்து தனித்தனிக் கம்பியைப் பிக்கோவின் தனித்தனிக் காலுக்குக் கொண்டுசென்று பற்றவைக்க, 'என்.சி.' முனை வெறுமையாகவே இருக்கும். பிக்கோவில் 26 கால்கள் இதற்கெனக் கிடைக்கின்றன. நான்கு திசைக்கும் எட்டுப் பொத்தானுக்குமாகப் பன்னிரண்டு போனாலும் மிச்சம் உண்டு. பிக்கோவைப் பொத்தான் பலகையாக இயக்கும் 'ஜி.பி.2040-சி.இ.' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

துளையில் பொருத்துமுன் ஒவ்வொரு சுவிட்சையும் மல்டிமீட்டரில் இணைத்து, மிக மெதுவாக அழுத்திப் பார்க்கவேண்டும். 'டிக்' என்ற ஓசையும் மீட்டரின் ஒலியும் ஒருங்கே எழுந்து, அழுத்தியிருக்கும் வரை இடையறாமல் நீடிக்குமானால் அது நல்ல சுவிட்சு. ஒலி விட்டுவிட்டுக் கேட்குமாயின், அதை அப்போதே தனியே எடுத்துவைத்துக் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம்.